பாபநாசத்தில் தங்கி ஒரு நாள்: குற்றாலமா, மாஞ்சோலையா, பக்கத்து அருவியா?

திருநெல்வேலி மாவட்டத்துப் பாபநாசம் மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறோம். வந்து தங்குகிறவர்கள் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு அண்ணாச்சி, எங்க போகலாம்?" கேட்கும்போதே பாதிப் பேர் மனத்தில் குற்றாலம் முடிவாகியிருக்கும். மீதிப் பேர் மாஞ்சோலைத் தேயிலை மலையின் படத்தை செல்போனில் எடுத்து வைத்திருப்பார்கள். நான் பதிலுக்கு இரண்டு விஷயம் கேட்பேன். இது எந்த மாசம்? உங்களோடு வந்திருப்பது யார் யார்? இந்த இரண்டையும் கேட்காமல் யார் இடம் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மலையில் இடத்தின் பெயரைப் பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். தண்ணீர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக் கிளம்ப வேண்டும்.

திருநெல்வேலிச் சீமைக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அதன் மழையை மலைக்கு மேற்கே கேரளம் வாங்கிக்கொள்ளும். ஆனால் செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாய் இருக்கிறது. அந்த வழியாகக் காற்று புகுந்து சாரலாக இந்தப் பக்கம் இறங்குகிறது. குற்றாலத்துக்குக் கிடைப்பது அதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது கிழக்கேயிருந்து வந்து மாஞ்சோலை, மணிமுத்தாறு மலைகளில் மோதிக் கொட்டும். பாபநாசம் அணைக்கு மேலே பொதிகையின் உள்காட்டில் இரண்டு மழையும் பெய்யும். தாமிரபரணி வற்றாமல் ஓடுவதும், ஆற்றுப்பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நடப்பதும் அதனால்தான்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? நெல்லைப் பதிப்பு நாளிதழில் தினமும் அணை நிலவரம் போடுகிறார்கள். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இவை அணைகளின் முழு உயரம். ஜூன் மாதம் பாபநாசம் அணை மட்டம் நாளுக்கு நாள் ஏறுகிறது, மணிமுத்தாறு அப்படியே கிடக்கிறது என்றால் மேற்கே மழை பிடித்துவிட்டது, குற்றாலத்திலும் தண்ணீர் விழும் என்று நம்பலாம். நவம்பரில் மணிமுத்தாறு விறுவிறுவென்று ஏறினால் மாஞ்சோலைச் சாலை எந்த நேரமும் அடைக்கப்படலாம். எங்கள் வீட்டில் காலையில் காபியோடு முதலில் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான்.

குற்றாலத்தை முதலில் பேசிவிடலாம். எல்லாரும் கேட்பது அதைத்தான். பாபநாசத்திலிருந்து கடையம் வழியாக ஒரு மணி நேரம், கூட்டம் இருந்தால் இன்னும் கொஞ்சம். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒரு நாளில் பார்க்க முடிகிற அருவிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் வரை சீசன் நன்றாக இருக்கும் ஆண்டில், வெயிலும் சாரலும் மாறி மாறி வரும் அந்த நாட்களில், குற்றாலத்துக்கு ஈடு இந்த மாவட்டங்களில் வேறெதுவும் இல்லை. அதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். தலையில் விழும் தண்ணீரின் கனமும், தோளில் படும் குளிரும், குளித்து முடித்ததும் வருகிற பசியும் அந்தக் காற்றோடு சேர்ந்தவை. அதே பேரருவிக்கு மார்ச் மாதம் போனால் பாறையில் ஈரம் மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து காரில் வந்த குடும்பங்கள் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணப் பாவமாக இருக்கும்.

சீசனிலும் கிழமை பார்க்க வேண்டும். சனி, ஞாயிறு போனால் குளிப்பதைவிட வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிகள் இங்கே குளித்துவிட்டுத்தான் செங்கோட்டை வழியாக மலையேறுகிறார்கள். அப்போது தண்ணீர் இருந்தாலும் கூட்டமும் இருக்கும். செவ்வாய், புதன் காலை ஆறு மணிக்குள் அருவிக்கரையில் நிற்கிற மாதிரி இங்கிருந்து இருட்டோடு கிளம்புகிறவர்களுக்குத்தான் குற்றாலம் முழுதாகக் கிடைக்கும்.

பேரருவியில் ஒன்றைக் கவனியுங்கள். குளிக்கிற இடத்துக்கு மேலே பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். ஊரில் 'ஆர்ச்' என்றே சொல்வோம். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் உடனே குளிக்கத் தடை போடுவார்கள். ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் தடை காரணம் இல்லாமல் வருவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கீழே வெயில் அடிக்கும், மேலே காட்டில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கலாக மாறி, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தால் யாரும் விசில் ஊதுவதற்காகக் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

சீசனில் போகிறவர்கள் மங்குஸ்தான் வாங்காமல் திரும்பக் கூடாது. பழத்தின் அடிப்பக்கம் பூ மாதிரி சின்ன இதழ்கள் ஒட்டியிருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் அதிகமாக இருந்தால் சுளைகள் சிறிதாக இருக்கும், கொட்டையும் குறைவு. விரலால் லேசாக அமுக்கினால் ஓடு கொஞ்சம் உள்வாங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் உள்ளே கெட்டுப்போயிருக்கும். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆச்சிகள், கேட்டால் நல்லதாகப் பொறுக்கித் தருவார்கள். ஜூலை, ஆகஸ்ட் என்றால் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கும். அதைப் போகிற வழியில் காலையிலேயே பார்த்துவிடுங்கள். வயலுக்குள் இறங்கிப் படம் எடுக்கிறவர்கள் வரப்பில் நின்றுகொண்டால் போதும், செடி ஒருவருடைய வருமானம்.

குளித்து முடித்தவர்கள் குற்றாலநாதர் கோயிலின் சித்திர சபையையும் பார்த்துவிட்டு வாருங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. சுவர் முழுக்க ஓவியம். ஈரத் தலையோடு அருவியிலிருந்து நேரே காருக்குப் போய்விடுகிற கூட்டத்தில் அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் குறைவு என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இனி எங்கள் வாசலிலேயே இருக்கிற அகத்தியர் அருவி. பாபநாசம் கோயிலைத் தாண்டி மலைச்சாலையில் சோதனைச்சாவடி. அதைக் கடந்து சில நிமிடங்களில் அருவி. இதைக் குற்றாலத்தோடு ஒப்பிடும்போது பலர் உயரத்தை அளக்கிறார்கள். அந்த அளவில் இது சின்ன அருவிதான். ஆனால் குற்றாலத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் விழும். சித்திரை வெயிலிலும் விழும். 1880-களில் விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி மில் வந்ததே பாபநாசத்தில் இப்படிக் குறையாமல் விழுகிற தண்ணீரின் விசையை நம்பித்தான். பிறகு மேலே அணை கட்டி அதிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள். நீங்கள் தலையைக் கொடுத்து நிற்கிற தண்ணீர் அத்தனை வேலை பார்த்த ஆறு.

பிப்ரவரியிலிருந்து மே வரை எங்களிடம் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வோம். வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து நடை குறைவு. பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு. முழங்கால் வலியோடு வருகிற பெரியவர்களும் ஓரமாக நின்று குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது, சோப்பு, ஷாம்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. அதைப் பெரிய தொந்தரவாக நினைக்காதீர்கள், கீழே இருக்கிற ஊர்களெல்லாம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். குரங்குகளைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. பலகாரப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தால் அது உங்கள் கையில் இருக்காது. சாப்பாடு வண்டிக்குள் இருக்கட்டும், கண்ணாடி மூடியிருக்கட்டும்.

குறை என்றால், அரை நாளில் முடிந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் முழுவதும் வேண்டுமென்று நினைக்கிறவர்கள் இதை ஒதுக்கிவிட்டுக் குற்றாலத்துக்கு ஓடுகிறார்கள். அரை நாளில் முடிவதை நான் நல்லதாகத்தான் பார்க்கிறேன். மீதி அரை நாளுக்கு இன்னோர் இடம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பாபநாசநாதர் கோயில் படித்துறையில் இறங்குவீர்கள். மீன்கள் காலைச் சுற்றி வரும். பொரி போடலாம். ஆனால் ஒரு வேண்டுகோள். பரிகாரம், தோஷம் என்று சொல்லி, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம் இங்கே வேரூன்றிவிட்டது. தண்ணீர் குறைகிற நாளில் படிக்குக் கீழே பார்த்தால் சேலையும் வேட்டியும் கல்லைச் சுற்றி இறுகிக் கிடக்கும். குளிக்கிறவர் காலில் சுற்றும், மீன் ஒதுங்குகிற இடமெல்லாம் அடைபடும். தன்னார்வலர்கள் மூட்டை மூட்டையாக எடுத்துக் கரையில் போடுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி அதே குவியல். உங்கள் துணியை உங்களோடு எடுத்துக்கொண்டு போங்கள். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும்வரை தமிழ்நாட்டு மண்ணிலேயே ஓடுகிற ஆறு இது. இதை அழுக்காக்கினாலும் சுத்தமாக வைத்தாலும் பொறுப்பு நம்மைத் தவிர வேறு யாருக்கும் இல்லை.

மாஞ்சோலை வேறு வகை. அங்கே குளிக்கப் போவதில்லை, ஏறப் போகிறோம். மணிமுத்தாறு அணையைத் தாண்டிச் சோதனைச்சாவடி, கொஞ்ச தூரத்தில் மணிமுத்தாறு அருவி, அதற்கு மேல் வளைந்து வளைந்து காட்டுச் சாலை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியாகக் குதிரைவெட்டி. சாலை குறுகல், பல இடத்தில் பழுது. கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். காலையில் கிளம்பினால் திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும், அன்றைக்கு வேறெதுவும் செய்ய முடியாது. களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை என்பதால் வனத்துறை அனுமதி வேண்டும், ஒரு நாளைக்கு விடுகிற வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் உண்டு. முதல் நாளே அம்பாசமுத்திரத்தில் (எங்களுக்கு அம்பை) விசாரித்து அனுமதி வாங்காமல் காலையில் சாவடியில் போய் நின்று வாதாடுகிறவர்களுக்கு அணையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் மிச்சம்.

அனுமதி கிடைத்து, மழையும் இல்லாமல், ஜனவரி பிப்ரவரி மாதங்களில் போனால் மாஞ்சோலைக்கு எதுவும் ஈடாகாது. கீழே அம்பையில் வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள் காக்காச்சி வரும்போது சால்வை தேடுவார்கள். தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில் சோலைக்காடு சட்டென்று இருட்டாகத் தொடங்கும். சிங்கவால் குரங்கு இருக்கிற காடு அது. கண்ணில் படும் என்று உறுதி சொல்ல மாட்டேன். சத்தமில்லாமல் போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். குதிரைவெட்டியில் நின்றால் கீழே அணைகளும் சமவெளியும் தெரியும். மேகம் இறங்கினால் எதிரில் நிற்கிறவர்கூடத் தெரிய மாட்டார்.

அக்டோபர், நவம்பர், டிசம்பரில் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். வடகிழக்குப் பருவமழையில் ஊத்து, நாலுமுக்கு மழையளவுகள் தமிழ்நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கும். மரம் விழும், மண் சரியும், சாவடியில் அடைப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை எப்படித் தவித்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தென்மேற்கு மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு அட்டைக்கடி நிச்சயம். முதலில் ஒன்றும் தெரியாது. வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு சாக்ஸ் ஈரமாக இருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். கையால் பிய்க்காதீர்கள், கொஞ்சம் உப்பைத் தூவினால் தானாக விழும். ஒரு சின்னப் பொட்டலம் உப்பு எங்கள் சமையல்கட்டிலிருந்தே மடித்துக் கொடுத்துவிடுகிறோம். மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். மேலே கடையை நம்பிப் போகிற நிலைமை இப்போது இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் பாம்பே பர்மா நிறுவனம் 99 ஆண்டு குத்தகைக்கு எடுத்த மலை இது. அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு 2024-ல் வேலை முடிந்தது, பலர் கீழே இறங்கிவிட்டார்கள். அவர்கள் கூலிக்காகவும் உரிமைக்காகவும் நடத்திய போராட்டத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் காவல்துறைத் தடியடியின்போது தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. பூட்டிக் கிடக்கிற தொழிலாளர் லயன் வீடுகளின் வாசலில் நின்று வேடிக்கைப் படம் எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அது யாரோ பிறந்து வளர்ந்த வீடு. போங்கள், பாருங்கள், அந்த வரலாறும் தெரிந்து பாருங்கள்.

மாஞ்சோலை அனுமதி கிடைக்காதவர்கள் பலர் மணிமுத்தாறு அருவியோடு திருப்திப்பட்டு வருகிறார்கள். தவறில்லை. அருவிக்குக் கீழே தடாகம் ஆழமானது, தடுப்பைத் தாண்டி நீச்சல் வேண்டாம். அணைக்கரையில் மாலை நேரம் நன்றாக இருக்கும். காமராஜர் ஆட்சிக்காலத்தில், 1950-களில் கட்டிய அணை. கரையின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறு முனை தெரியாத அளவுக்கு நீளம்.

முண்டந்துறை, காரையாறு, சொரிமுத்து அய்யனார் கோயில் வழியைக் கேட்கிறவர்கள் இரண்டு வகை. குலசாமி கும்பிட வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு வழியும் முறையும் தெரியும். காடு பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு: முண்டந்துறை 1962-லேயே புலிகள் சரணாலயம் ஆனது. 1988-ல் களக்காட்டோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கினார்கள். புலி பார்க்கப் போகிற இடமாக இதை நினைக்காதீர்கள். ஆற்றங்கரை, மருதமரம், காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள், அணை நீர்ப்பரப்பு என்று நிதானமாகப் பார்க்கிற வழி. தனியார் வண்டிகளுக்கான கட்டுப்பாடு அவ்வப்போது மாறும், சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். பாணதீர்த்தம் அருவியை மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், அது முழுக்க முழுக்க வனத்துறை அனுமதியைப் பொறுத்தது. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் சுற்றுலாவாக அந்தப் பக்கமே போக வேண்டாம். லட்சக்கணக்கில் பக்தர்கள் காட்டுக்குள் கூடுகிற நேரம், அவர்களுக்கு இடம் விட்டுவிடுவதுதான் முறை.

அரை நாளுக்கு ஓர் இடம் இருக்கிறது என்றேனே, அது திருப்புடைமருதூர். இந்தப் பட்டியலில் யாரும் கேட்காத இடம், நான் எல்லாருக்கும் சொல்கிற இடம். அம்பையிலிருந்து வீரவநல்லூர்ப் பக்கமாகப் போனால் அரை மணி, முக்கால் மணி நேரம். தாமிரபரணியோடு கடனா நதி சேர்கிற கரையில் நாறும்பூநாதர் கோயில். கோயிலைச் சுற்றியுள்ள பழைய மருத மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் நாரையும் கூடு கட்டுகின்றன. 2005-ல் இதை அரசு பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. நாட்டிலேயே இந்த வகையில் முதலாவது இதுதான். இரண்டே முக்கால் ஹெக்டேர்போலச் சின்ன இடம். வேலி போட்டு, கோபுரம் கட்டி, டிக்கெட் கொடுக்கிற காப்பகம் இல்லை. ஊர்க்காரர்கள் மரத்தை வெட்டாமல், பறவையை விரட்டாமல் வைத்திருந்ததை அரசு பெயர் சொல்லி அங்கீகரித்தது. அவ்வளவுதான்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை மாலை நாலரை மணிக்கு மேல் படித்துறையில் உட்காருங்கள். இரைதேடப் போன பறவைகள் வயல்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். குஞ்சுகள் இருந்தால் காது நிறையச் சத்தம். குழந்தைகளுக்குப் பைனாகுலர்கூட வேண்டாம், கண்ணாலேயே கூட்டுக்குள் நடப்பது தெரியும். மரத்தடியில் நிற்கும்போது தலைக்குத் துண்டு போட்டுக்கொள்வது நல்லது. கோயில் கோபுரத்துக்குள் மாடங்களில் பழைய சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. மேலே போய்ப் பார்க்க அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். போரும் குதிரையும் கப்பலும் புராணமும் அந்தச் சின்ன இடத்துக்குள் நெருங்கி நிற்கும்.

ஆகக் கோடையில் என் கணக்கு இதுதான்: காலையில் அகத்தியர் அருவி, மதியம் வந்து சாப்பிட்டு ஒரு தூக்கம், மூன்றரைக்குக் கிளம்பித் திருப்புடைமருதூர். வழியில் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கிக்கொள்ளலாம். வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைவு, பெரியவர்களுக்கு நடுவில் ஓய்வு, பிள்ளைகளுக்குத் தண்ணீரும் பறவையும். குற்றாலத்தின் வறண்ட பாறையைப் பார்க்க இரண்டு மணி நேரம் போய்வருவதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

களக்காட்டுத் தலையணையையும் திருக்குறுங்குடி மலைநம்பியையும் சிலர் கேட்பார்கள். தலையணை பச்சையாற்றில் தெளிந்த தண்ணீர் தேங்கி வழிகிற இடம், குளிக்க அருமை. மலைநம்பிக்குக் காட்டுப் பாதையில் ஜீப்பிலோ நடந்தோ ஏற வேண்டும். கீழே திருக்குறுங்குடி நம்பி கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று, அதன் கற்சிற்பங்களுக்கே ஒரு நாள் ஒதுக்கலாம். ஆனால் பாபநாசத்தில் தங்கியவர்களுக்கு அது சுற்றுவழி. நாகர்கோவில் பக்கம் போகிறவர்கள் அறையைக் காலி செய்துவிட்டுப் போகிற வழியில் வைத்துக்கொள்ளட்டும்.

கூந்தன்குளமும் அப்படியே, ஆனால் அதற்காகத் தனியாக ஒரு காலை ஒதுக்கினாலும் தகும். நாங்குநேரி வட்டாரத்தில், திருநெல்வேலியிலிருந்து 33 கிலோமீட்டர். 1994-ல் சரணாலயமாக அறிவித்த இந்தக் குளத்துக்கு மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வருகிறது. மலையில் வடகிழக்கு மழை பெய்து, அணை நிறைந்து, கால்வாய் திறந்து, குளம் பெருகினால்தான் பறவை தங்கும். பூநாரை, கூழைக்கடா, செங்கால் நாரை, இமயம் தாண்டி வருகிற வரித்தலை வாத்து எல்லாம் வரும். நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு வைக்கும். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை ஊர்க்காரர்கள் எடுத்து வளர்ப்பார்கள். தீபாவளிக்கு வெடி போடாத ஊர் என்று பெயர். ஜனவரியிலிருந்து மே வரை நல்ல காலம், ஆனால் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்காமல் போகாதீர்கள். முந்தைய மழைக்காலம் பொய்த்திருந்தால் பறவைகள் வேறு குளம் தேடிப் போயிருக்கும்.

யாரோடு வந்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். கைக்குழந்தையோடு வந்தவர்களுக்கு மாஞ்சோலை வேண்டாம். வளைவுச் சாலையில் குழந்தை வாந்தி எடுக்கும், நடுவழியில் மருத்துவ உதவி கிடையாது, செல்போன் சிக்னலும் நம்ப முடியாது. இதய நோய், மூட்டுவலி உள்ள பெரியவர்களைச் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் பேரருவிக்குக் கூட்டிப் போகாதீர்கள். தரை வழுக்கும், தள்ளுமுள்ளு இருக்கும். அவர்களை ஐந்தருவிக்கு வார நாளில் கூட்டிப் போங்கள், அல்லது அகத்தியர் அருவியே போதும். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் கூந்தன்குளமும் திருப்புடைமருதூரும் அருவிகளைவிட அதிக நாள் நினைவில் நிற்கின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது அவர்களாகவே கேட்கிறார்கள். இளவட்டங்கள் பைக்கில் வந்தால் மாஞ்சோலைதான் கேட்பார்கள். அனுமதி எந்த வண்டிக்கு உண்டு, எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, பெட்ரோலை அம்பையிலேயே போட்டுக்கொண்டு, காட்டுக்குள் ஹாரனும் பாட்டும் இல்லாமல் போய்வாருங்கள்.

இரண்டு நாள் இருக்கிறவர்கள் ஜூலையில் வந்தால் முதல் நாள் குற்றாலம், மறுநாள் அகத்தியர் அருவி. ஜனவரியில் வந்தால் முதல் நாள் மாஞ்சோலை, மறுநாள் பறவைகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். நீண்ட பயணத்தை முதல் நாளில் முடித்துவிட்டால் அனுமதியோ மழையோ இடைஞ்சல் செய்தாலும் மறுநாளுக்கு நகர்த்திக்கொள்ள இடம் இருக்கும். அன்று ராத்திரியே திருநெல்வேலியில் ரயில் ஏற வேண்டியவர்கள் மாஞ்சோலையை அந்த நாளில் வைக்கவே வேண்டாம். மலையில் ஒரு மரம் குறுக்கே விழுந்தால், அதை வெட்டி எடுக்கும்வரை மேலேயும் கீழேயும் வண்டி நகராது, ரயில் காத்திருக்காது. அந்த நாளுக்குத் திருப்புடைமருதூர்தான் சரி. ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பினாலும் சேரன்மகாதேவி வழியாக ஜங்ஷனுக்கு நிதானமாகப் போய்ச் சேர்ந்துவிடலாம்.